முகம் தெரியேல்லையே: வீட்டுப் புரொஜெக்டரை அளந்து சரியாக்கிறது



இந்தக் கிழமை எபிசோட்டில புரொஜெக்டர் வாங்கிறதைப் பற்றிக் கதைச்சம். வாங்கிக் கொண்டுவந்து வச்ச பிறகு என்ன செய்யிறது எண்டதுக்கு நேரம் காணாமப் போச்சு. அதுக்குத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ.

கார்ஹிங்கில எங்கட வீட்டில 100 அங்குலத் திரை ஒண்டு இருக்கு. போன மாரியில ஒரு சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் வந்து நிண்டவை. நான் 'கைதி' போட்டன். 2019 தீபாவளிக்கு வந்த படம்; கிட்டத்தட்ட முழுக் கதையும் ஒரே இரவுக்குள்ள நடக்கும். ஒளிப்பதிவு சத்யன் சூரியன். இருபது நிமிஷம் போயிருக்கும், அப்பா கேட்டார்: "தம்பி, ஒருத்தற்ற முகமும் தெரியேல்லையே. படமே இப்பிடித்தானோ?"

"இரவுப் படம் அப்பா, இருட்டாத்தான் இருக்கும்" எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன். அடுத்த நாள் அதே காட்சியைப் போனில போட்டுப் பாத்தன். கார்த்தியின்ர கன்னம், தாடி, கண்ணுக்குக் கீழ இருக்கிற நிழல் எல்லாம் தெளிவாத் தெரியுது. திரையில அதே இடம் வெறும் கறுப்பு. அப்பாவின்ர கண் சரி, படமும் சரி. என்ர செற்றிங்தான் பிழை.

அதைத் திருத்த எனக்கு இரண்டு பின்னேரம் போச்சு. நீங்கள் ஒரு பின்னேரத்தில முடிக்கலாம்.

"சரியான படம்" எண்டால் என்ன?

கன பேர் நினைக்கிறது, கலிப்ரேஷன் எண்டால் படத்தை வடிவாக்கிறது எண்டு. அப்பிடியில்லை. படத்துக்கு நிறம் போடுறவர் ஒரு அறையில, அளந்து வச்ச ஒரு திரையைப் பாத்துத்தான் ஒவ்வொரு காட்சியையும் முடிவு செய்யிறார். அந்தத் திரைக்கு எழுதி வச்ச அளவுகள் இருக்கு. எங்கட திரையும் அதே அளவில இருந்தால், அவர் பாத்ததைத்தான் நாங்களும் பாப்பம். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்குத் தேவையான அளவுகள் நாலு:

வெள்ளை: டி65 எண்ட வெள்ளை. கிட்டத்தட்ட 6500 கெல்வின் நிறவெப்பநிலை.

நிறங்கள்: ரெக் 709. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990ல எச்டி ரீவிக்கு எண்டு ஏற்றுக்கொண்ட தரம்.

காமா: இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையில இருக்கிற படிகள் எப்பிடி ஏறவேணும் எண்ட கணக்கு. இருட்டறைக்கு 2.4.

வெளிச்சம்: சினிமாத் தியேட்டர்களுக்கு வெள்ளைத் திரையில 48 நிட். வீட்டிலயும் அதையே குறியா வைக்கலாம்.

எச்டிஆரை இப்ப விடுங்கோ. முதல்ல சாதாரண எச்டி படத்தைச் சரியாக்கினால்தான் அதுக்குப் போகலாம்.

கார்ஹிங்காரர் எப்பிடி அளக்கினம்?

எங்கட ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேணும். யூ6 ரயிலில கடைசித் தரிப்பு, கார்ஹிங் ஃபோர்ஷுங்ஸென்ட்ரும். இறங்கினால் வெளிச்சத்தை அளக்கிறதையே தொழிலா வச்சிருக்கிற ஆக்கள்தான் சுத்திவர. ஐரோப்பிய தெற்கு வான்காணகத்தின்ர தலைமையகம் இங்கதான், தொலைநோக்கிகள் சிலியில. பக்கத்தில மக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனம். அங்க வேலை செய்த தியோடோர் ஹான்ஷுக்கு 2005ல இயற்பியல் நோபல் பரிசு கிடைச்சது. ஒளியின்ர அதிர்வெண்ணை மிக நுணுக்கமா அளக்கிறதுக்கு அவை உருவாக்கின லேசர் "சீப்பு" அதில ஒரு முக்கிய பங்கு. பிறகு அதே சீப்பை, சிலியில இருக்கிற ஹார்ப்ஸ் எண்ட கருவியைக் கலிப்ரேட் பண்ணவும் பாவிச்சவை.

வானியல்காரர் ஒரு படம் எடுத்தால் அதை அப்பிடியே நம்ப மாட்டினம். முதல்ல மூடியைப் போட்டு வெறும் இருட்டைப் படம் எடுப்பினம்: கருவி ஒண்டுமில்லாத இடத்தில என்ன காட்டுது? பிறகு ஒரே சீரான வெளிச்சத்தை எடுப்பினம்: நடுவும் ஓரமும் ஒரே மாதிரிப் பதியுதோ? கடைசியா, வெளிச்சம் இவ்வளவுதான் எண்டு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு நட்சத்திரத்தை எடுத்து, அதோட ஒப்பிட்டுத் திருத்துவினம்.

இருட்டு, சீர், தெரிஞ்ச ஒரு அளவு. எங்கட வேலையும் இதே ஒழுங்குதான்.

முதல் படி: அறை

மெனுவைத் தொட முதல் அறையைப் பாருங்கோ. புரொஜெக்டர் கறுப்பை உருவாக்காது. வெளிச்சம் விழாத இடம்தான் அதின்ர கறுப்பு. அறையில மிச்சமா இருக்கிற வெளிச்சம் எவ்வளவோ, அதுதான் உங்கட கறுப்பு.

ஜெர்மனியில ஒரு நல்ல விஷயம் ரொல்லாடன். இறக்கி விட்டால் பகலிலயும் இருட்டு. கெட்ட விஷயம், வாடகை வீட்டின்ர வெள்ளைச் சுவர். திரையில பட்ட வெளிச்சம் தெறிச்சு, முகட்டிலயும் பக்கச் சுவரிலயும் பட்டு, திரும்பத் திரையிலயே விழும். ஒரு மூலையில வெள்ளைச் சட்டை போட்ட ஆள் வந்தால் மற்ற மூலையில இருக்கிற இருட்டு சாம்பலாகும்.

இதே பிரச்சினை எங்கட ஊர்க் கோளரங்கத்துக்கும் இருக்கு. 2018ல திறந்த ஈஎஸ்ஓ சூப்பர்நோவாவில 14 மீற்றர் குறுக்களவுள்ள கூரை, 25 பாகை சரிஞ்சு நிக்குது. கோளரங்கக் கூரையில ஒரு பக்கத்து வெளிச்சம் நேர எதிர்ப்பக்கத்தில போய் விழும். அதால பொதுவாக் கோளரங்கக் கூரைகளுக்குத் தூய வெள்ளை அடிக்கிறேல்ல, சாம்பல் பூச்சுத்தான். வெளிச்சம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, வானம் கறுப்பா இருக்கவேணும்.

வாடகை வீட்டில கறுப்புப் பெயின்ட் அடிக்க ஏலாது. நான் செய்தது, மேடைகளுக்குப் பாவிக்கிற கறுப்பு மோல்ட்டோன் துணி வாங்கி, திரைக்குப் பக்கத்தில ஒரு மீற்றர் அகலத்துக்குத் திரைச்சீலையாத் தொங்கவிட்டது. படம் முடிய ஒதுக்கிவிடலாம். தீத்தடுப்புத் தரம் போட்டதா வாங்குங்கோ. புரொஜெக்டரின்ர சூடான காத்து வாற பக்கத்தில தொங்கவிட வேண்டாம்.

சுவரிலேயே நேர விழுத்துற ஆக்கள் ரௌஃபாசரைக் கவனியுங்கோ. அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன நிழல் போடும். மலிவான மட்டத் திரை ஒண்டு எந்த மெனு மாற்றத்தையும் விடக் கூடுதலா உதவும்.

இன்னொண்டு, கீஸ்டோன். படம் சரிவா விழுந்தால் அந்தப் பொத்தானை அமத்தத்தான் கை போகும். ஆனால் அது படத்தை மென்பொருளால நெரிச்சுச் சின்னனாக்குது. புள்ளிகள் வீணாப் போகும். மேசையை நகர்த்துங்கோ. லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் அதைப் பாவியுங்கோ.

இரண்டாம் படி: எந்த மோட், எவ்வளவு வெளிச்சம்

"டைனமிக்" மோட் கடையில வெளிச்சத்துக்கு நடுவில நிண்டு விக்கிறதுக்கு. பாதரச விளக்கு வச்ச புரொஜெக்டர்களில பச்சை இயல்பாவே கூட. டைனமிக் மோட் அந்தப் பச்சையை அப்பிடியே விட்டு வெளிச்சத்தைக் கூட்டும். பெட்டியில போட்டிருக்கிற லூமன் கணக்கும் அநேகமா இந்த மோட்டிலதான். "சினிமா" அல்லது "ரெக் 709" எண்ட மோட்டுக்கு மாத்துங்கோ. வெளிச்சம் குறையும், பயப்பிடாதேங்கோ.

கணக்கு இதுதான். தேவையான லூமன் = நிட் × 3.14 × திரையின்ர பரப்பு. 100 அங்குலத் திரை அண்ணளவா 2.21 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் உயரம், ஆக 2.75 சதுர மீற்றர். 48 × 3.14 × 2.75 = கிட்டத்தட்ட 415 லூமன். 2500 லூமன் எண்டு விக்கிற பெட்டியில 415ஐத்தான் தேடுறம். இருட்டறையில ஈக்கோ விளக்கே காணும். விசிறிச் சத்தமும் குறையும்.

கூர்மை, "படத்தை மெருகூட்டல்", "தானியங்கிக் கறுப்பு" மாதிரியான எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. பிறகு அரை மணித்தியாலம் ஓடவிட்டுச் சூடாக்கிட்டுத்தான் அளக்கத் தொடங்கவேணும்.

மூண்டாம் படி: கறுப்பு

இதிலதான் கார்த்தியின்ர முகம் துலைஞ்சது.

வீடியோவில கறுப்புக்கு எண் 16, வெள்ளைக்கு 235. கொம்பியூட்டரில கறுப்பு 0, வெள்ளை 255. எச்டிஎம்ஐ வயரின்ர இரண்டு பக்கமும் ஒரே கணக்கில பேசவேணும். என்ர ஸ்ட்ரீமிங் பெட்டி 0 கணக்கில அனுப்பினது. புரொஜெக்டர் 16 கணக்கில எதிர்பார்த்தது. விளைவு, 0 முதல் 16 வரைக்கும் இருந்த எல்லா நிழலும் ஒரே கறுப்பு. அதுக்குக் கொஞ்சம் மேல இருந்ததும் அளவுக்கு மீறி இருண்டு போச்சு. மறுபக்கமா மாறினால் எல்லாம் வெளிறி, புகார் படிஞ்ச மாதிரித் தெரியும். இரண்டு பக்கத்து மெனுவிலயும் போய், இரண்டையும் "லிமிட்டெட்" எண்டு வச்சன். அரை நிமிஷ வேலை.

பிறகு சோதனைப் படம். ஏவிஎஸ் எச்டி 709 எண்டு இலவசமாக் கிடைக்குது. கறுப்புச் சோதனையில எண் போட்ட பட்டைகள் மின்னும். "பிரைட்னஸ்" எண்ட பெயரை நம்பாதேங்கோ, அது கறுப்பைத்தான் மாத்தும். 17ஆம் பட்டை ஆகலும் மங்கலாத் தெரியவேணும், 16 தெரியக்கூடாது. பார்க்க முதல் ஐஞ்சு நிமிஷம் இருட்டில இருந்து கண்ணைப் பழக்குங்கோ.

வெள்ளைக்கு "கொன்ட்ராஸ்ட்". வெள்ளைச் சோதனையில 235க்குக் கீழ இருக்கிற பட்டைகள் எல்லாம் தனித்தனியாத் தெரியவேணும். வெள்ளை லேசா இளஞ்சிவப்பா அல்லது மஞ்சளா மாறத் தொடங்கினால் கூடிப்போச்சு, குறையுங்கோ. கொன்ட்ராஸ்டை மாத்தினால் கறுப்பும் கொஞ்சம் அசையும், அதால திரும்பவும் கறுப்பைப் பாருங்கோ.

நாலாம் படி: காமா

இதைக் கன பேர் தொடுறேல்ல. ஆனால் எங்கட படங்களுக்கு இதுதான் முக்கியம் எண்டு நான் நினைக்கிறன்.

வெள்ளை 48 நிட் எண்டு வைப்பம். வெளிச்சத்தில நிக்கிற ஒரு முகம் 60 சதவீத சிக்னல், இருட்டில நிக்கிற ஒரு முகம் 20 சதவீத சிக்னல். காமா 2.4 எண்டால் முதல் முகம் 14 நிட், இரண்டாவது 1 நிட். இப்ப ஏதோ ஒரு மோட் "பஞ்ச்" குடுக்கிறன் எண்டு காமாவை 2.8 ஆக்கிட்டுது எண்டு வையுங்கோ. முதல் முகம் 11.5 நிட்டுக்கு இறங்கும். ஆரும் கவனிக்க மாட்டினம். இரண்டாவது முகம் அரை நிட்டுக்கு இறங்கும், பாதி வெளிச்சம் போச்சு.

ஒரே பிழைதான். வெளிச்சமா இருக்கிற முகத்தில அஞ்சில ஒரு பங்கை எடுக்குது, இருட்டில இருக்கிற முகத்தில பாதியை எடுக்குது. கறுத்தத் தோல் குறைய வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். அதால ஒரே விளக்குக்குக் கீழ இரண்டு பேர் நிண்டாலும், இந்தப் பிழையில முதல்ல காணாமப் போறது எங்கட முகம்தான்.

இது புதுக் கதையும் இல்லை. 1950களில இருந்து கொடாக் நிறுவனம் படம் கழுவுற கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் குடுத்து வந்தது. "ஷேர்லி கார்ட்" எண்டு பெயர். அதில ஒரு வெள்ளைக்காரப் பெண். அவவின்ர தோல் சரியா வந்தால் அச்சு சரி. கறுத்த முகங்களில மூக்கும் வாயும் தெரியாமப் போனதை ஆரும் பிழை எண்டு கணக்கெடுக்கேல்ல. பிறகு ஃபிலிமில கறுப்பு, மண்ணிறங்களைத் திருத்தினதுக்கு ஒரு முக்கிய காரணம், சொக்லேட் கொம்பனியளும் மரத் தளபாடக் கொம்பனியளும் தங்கட பொருட்களின்ர நிறம் சரியா வரேல்ல எண்டு முறையிட்டது எண்டு கனடா ஆய்வாளர் லோர்னா ரொத் எழுதியிருக்கிறா. பல தோல்நிறங்களோட கார்டுகள் 1990களிலதான் வந்தது.

எங்கட அப்பா அம்மாவின்ர பழைய அல்பங்களில முகங்கள் ஏன் சிலநேரம் அப்பிடி இருக்கு எண்டதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

மெனுவில காமா 2.4 இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கோ. மோல்ட்டோன் இல்லாத வெள்ளை அறை எண்டால் 2.2 நல்லம்.

ஐஞ்சாம் படி: நிறம்

இதில ஒரு ஆச்சரியம். நிறம் பார்க்கிற தொழில்காரர் பாவிக்கிற வெக்டர்ஸ்கோப் எண்ட கருவியில மனுசத் தோலுக்கு எண்டு ஒரு கோடு இருக்கு. வெள்ளை, மண்ணிறம், கறுப்பு எல்லாத் தோலும் பெரும்பாலும் அந்த ஒரே கோட்டுக்குக் கிட்டத்தான் விழும். எல்லாருக்குள்ளயும் ஓடுறது ஒரே இரத்தம், தோலில இருக்கிறது ஒரே மெலனின், அளவுதான் வித்தியாசம். அதால நிறச் சாயலைச் சரியா வச்சால் எல்லாருக்கும் சரி.

ஆனால் இதைக் கண்ணால செய்ய ஏலாது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் கண் காணும், நிறவெப்பநிலைக்குக் காணாது. எங்கட கண் பத்து நிமிஷத்தில எந்த வெள்ளையையும் வெள்ளை எண்டு ஏற்றுக்கொள்ளும். 9000 கெல்வின் நீலத்தோட ஒரு மாதம் இருந்தால் அதுதான் "சாதாரணம்". அதுக்குத்தான் வானியல்காரருக்கு ஏற்கனவே தெரிஞ்ச நட்சத்திரம் தேவைப்படுது.

எங்களுக்கு அது கலரிமீற்றர். முக்காலியில வச்சு, திரையைப் பாக்கப் பிடிச்சு, எச்சிஎஃப்ஆர் எண்ட இலவச மென்பொருளோட ஓடவிடலாம். உங்கட நிழல் திரையில விழாமப் பாருங்கோ. ஒருக்கால்தான் தேவை எண்டால், புகைப்படம் எடுக்கிற நண்பரிட்டக் கேளுங்கோ. மொனிட்டருக்கு எண்டு அவையிட்ட ஒண்டு இருக்கும்.

80 சதவீதச் சாம்பலைக் காட்டி "கெயின்"ஐயும், 30 சதவீதச் சாம்பலைக் காட்டி "ஓஃப்செட்"ஐயும் திருத்துங்கோ. சிவப்பு, பச்சை, நீலம் மூண்டும் ஒரே மட்டத்துக்கு வரவேணும். ஒண்டைத் திருத்த மற்றது அசையும். இரண்டு மூண்டு தரம் மாறி மாறிச் செய்யவேணும். பிழையின்ர அளவு, டெல்டா ஈ, 3க்குக் கீழ வந்தால் நிப்பாட்டலாம். அதுக்குக் கீழ இருக்கிற வித்தியாசத்தைப் படம் ஓடேக்க ஆரும் காண மாட்டினம்.

மீற்றர் இல்லையெண்டால் மெனுவில "6500" அல்லது "வார்ம்" தெரிவு செய்திட்டு விடுங்கோ. வேறொருத்தற்ற எண்களைப் பாத்து அப்பிடியே போட வேண்டாம். அவரின்ர விளக்கு, திரை, சுவர் எல்லாம் வேற.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு தெரிஞ்ச முகத்தைப் போட்டுப் பாருங்கோ. நான் 'தீபன்' போட்டன். ஜாக் ஓடியார் எடுத்து, 2015ல கானில தங்கப் பனை வாங்கின படம். அன்ரனிதாசன் யேசுதாசன், எங்களுக்கு ஷோபாசக்தி, நடிச்சது. தொடக்கப் பகுதியில ஒரு இடத்தில திரை முழுக்க இருட்டு. அதுக்குள்ள சின்னச் சின்ன வெளிச்சங்கள் மின்னும். அது மெல்ல முன்னுக்கு வரத்தான், தெருவில மின்னுற விளையாட்டுச் சாமான் விக்கிற ஒரு மனுசன் எண்டு விளங்கும். கறுப்பு நசுங்கின திரையில வெளிச்சங்கள் மட்டும் தெரியும். சரியான திரையில அதுக்குக் கீழ ஒரு முகம் இருக்கு.

இரண்டு எச்சரிக்கை. கறுப்பைத் திறந்தால் ஸ்ட்ரீமிங்கின்ர குறையும் வெளிய வரும்: இருட்டுக் காட்சியில சதுரம் சதுரமா ஏதாவது ஓடினால் அது புரொஜெக்டர் இல்லை, படத்தை நெரிச்சு அனுப்பினதால வாறது. மற்றது, விளக்கு பழசாக மங்கும். சில நூறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கறுப்பு வெள்ளைப் பட்டைகளையாவது திரும்பப் பாருங்கோ.

பங்குனியில அப்பா திரும்ப வந்தார். 'கைதி'யை விட்ட இடத்திலேயே தொடங்கினன். கொஞ்ச நேரத்தால, "வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கூட்டலாமே?" எண்டார். நியாயம்தான், வயது போகக் கண்மணி சுருங்கும், உள்ள போற வெளிச்சம் குறையும். அவருக்கு எண்டு இரண்டாவது மெமரியில 70 நிட்டில அதே காமாவோட ஒரு செற்றிங் வச்சிருக்கிறன். பெயர் "அப்பா". முகத்தைப் பற்றி அவர் ஒண்டும் கேக்கேல்ல. படத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை ஒலி: பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாம பேஸ் வைக்கிறது எப்பிடி. உங்கட அறைப் படங்களை, முக்கியமாப் பிழைச்சுப் போனதுகளை, இந்த மடலுக்கே பதிலா அனுப்புங்கோ.